பஞ்சுமிட்டாய்க்கு பில் கேட்பதா?

ஒரு நீண்ட கழி, அதில் கொத்துக் கொத்தாகக் கட்டிய பிளாஸ்டிக் கவர்கள், ஒவ்வொரு கவருக்குள்ளும் ரோஸ் நிறத்தில் ஒரு துண்டு மேகம். புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும், லாஸ்பேட்டை ஹெலிபேடு மைதானம் போலச் சாயங்காலத்தில் பிள்ளைகள் கூடும் இடங்களிலும் இந்தக் கழிக்கு விளம்பரமே தேவைப்பட்டதில்லை. 2024 பிப்ரவரியில் அதற்கு வேண்டாத விளம்பரம் ஒன்று கிடைத்தது. அப்போது புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர் பொறுப்பில் இருந்த தமிழிசை சௌந்தரராஜன் ஒரு வீடியோவில் தோன்றி, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதித்த பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருப்பது தெரியவந்திருக்கிறது, பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள் என்றார். விற்பனைக்குத் தடை வந்தது. உணவுப் பாதுகாப்புத் துறையிடம் தரச்சான்று பெற்றவர்கள் மட்டும் விற்கலாம் என்று சொல்லப்பட்டது. அடுத்த சில நாட்களில் சென்னைக் கடற்கரைகளில் மாதிரிகள் எடுக்கப்பட்டன. கிண்டியிலுள்ள அரசு ஆய்வகம் அதே சாயத்தைக் கண்டது. பிப்ரவரி 17 அன்று தமிழ்நாட்டிலும் தடை என்று மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அறிவித்தார். மார்ச்சில் கர்நாடகமும் சேர்ந்துகொண்டது.

அந்த வாரங்களில் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்பக் கேட்ட வாசகம், ‘நுகர்வோர் விழிப்போடு இருக்க வேண்டும்’ என்பது. ஒவ்வொரு மார்ச் 15-ம் தேதியும், ஒவ்வொரு டிசம்பர் 24-ம் தேதியும் பள்ளிக்கூடச் சுவர்களில் ஏறும் வாசகமும் இதுதான். முதல் தேதி உலக நுகர்வோர் உரிமை நாள். இரண்டாவது, 1986-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை நினைவுகூரும் தேசிய நுகர்வோர் நாள். உரிமை என்று பேச ஆரம்பித்து, கடைசியில் ‘நீதான் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்’ என்று முடிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பஞ்சுமிட்டாய் விஷயம் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்க்கச் சொல்கிறது. ஒருவரைப் பொறுப்பாக்குவதென்றால், அவரால் அறிய முடிந்த விஷயத்துக்குத்தான் பொறுப்பாக்க முடியும். வாங்குபவர் தலையில் நாம் கட்டும் பொறுப்புகளில் பாதி, அவரால் அறியவே முடியாதவை. அவரால் நிஜமாகவே செய்ய முடிந்த மீதிப் பாதியை யாரும் அவரிடம் கேட்பதில்லை.

‘நுகர்வோர்’ என்ற சொல்லிலேயே இதற்கு ஒரு குறிப்பு கிடக்கிறது. நுகர்தல் என்றால் முகர்தல், புலன்களால் அனுபவித்தல். பார்த்து, மோந்து, தட்டி, கிள்ளிச் சோதித்து வாங்கும் சந்தைக்குப் பொருத்தமான சொல். கத்தரிக்காயின் காம்பை வளைத்துப் பார்க்கலாம், மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், தேங்காயை ஆட்டிக் காதில் வைக்கலாம். ரோடமின்-பி இந்த எதற்கும் பிடிபடாது. துணி, காகிதம், தோல் ஆகியவற்றுக்கு நிறமேற்றப் பயன்படும் இந்தத் தூளில் ஒரு சிட்டிகை போதும், குடம் குடமாகத் தண்ணீர் ரோஸாகிவிடும். விலையும் மலிவு. இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. அவற்றிலும் சிவப்புச் சாயல் தருபவை உண்டு: கார்மோய்சின், பான்சோ 4ஆர், எரித்ரோசின். மிட்டாய் வகைகளில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை சேர்க்கலாம். ஆக, சட்டப்படி செய்த ரோஸ் பஞ்சுமிட்டாய் என்று ஒன்று இருக்க முடியும். சட்டவிரோதமானதும் அதுவும் பக்கத்துப் பக்கத்துக் கவரில் தொங்கினால், வாங்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ மட்டும் என்றில்லை, விற்பவருக்கே எது எதுவென்று சொல்ல முடியாது.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம் என்ற குறிப்புகளும் வாட்ஸ்அப்பில் சுற்றின. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு ஒரு எளிய சோதனை சொல்கிறது: தண்ணீரிலோ எண்ணெயிலோ நனைத்த பஞ்சால் கிழங்கின் தோலைத் தேய்த்தால், பூசிய சாயம் பஞ்சில் ஒட்டும். கிழங்குக்கு இது சரி. கிழங்கில் வெளியிலிருந்து நிறம் பூசவே கூடாது என்பதால், ஒட்டினாலே தப்பு. பஞ்சுமிட்டாயோ சர்க்கரையும் நிறமும் காற்றும் மட்டுமே. தண்ணீரில் போட்டால் ஒரு நொடியில் கரைந்து ரோஸ் தண்ணீராகிவிடும், எந்த நிறம் சேர்த்திருந்தாலும். அது எந்தச் சாயம் என்று பிரித்துச் சொல்ல ஆய்வகமும், கருவியும், பயிற்சி பெற்ற பகுப்பாய்வாளரும் வேண்டும். கர்நாடக அரசு எடுத்த 25 பஞ்சுமிட்டாய் மாதிரிகளில் 15 பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது ஆய்வகத்துக்குப் போன பிறகுதான். மாதிரி எடுக்கப் போன அதிகாரிகளின் கண்ணுக்கும் அதற்கு முன் தெரிந்திருக்க வழியில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். புற்றுநோய், புற்றுநோய் என்று அலறினார்களே, அது நிரூபணமானதா? நேர்மையாகச் சொன்னால், தலைப்புச் செய்திகள் சான்றுக்கு முன்னே ஓடின. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரோடமின்-பியை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்பது அந்தப் பிரிவின் பொருள். எலிகளிடம் செய்த சோதனைகளில் கவலைப்பட இடமிருந்தது, அவ்வளவுதான். ஒரு தடவை பஞ்சுமிட்டாய் தின்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடத் தேவையில்லை. ஆனால் உணவு நிறத்துக்கான விதி வேறு திசையிலிருந்து வேலை செய்கிறது. ‘கெடுதல் என்று நிரூபித்தால் தடுப்போம்’ என்று அது சொல்லவில்லை. பாதுகாப்பானது என்று ஆராய்ந்து பட்டியலில் சேர்த்ததை மட்டும் போடு என்கிறது. பட்டியலில் இல்லாதது எதுவானாலும் உணவுக்குள் வரக்கூடாது. தொழிற்சாலைச் சாயம் உணவுக்கென்று சுத்திகரிக்கப்பட்டதும் இல்லை. அதோடு வேறு என்னென்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்பது தயாரித்தவருக்கே கவலையில்லாத விஷயம், ஏனென்றால் அவர் அதைத் துணிக்காகச் செய்தார். நிரூபிக்கும் சுமையைப் பிள்ளையின் வயிற்றில் ஏற்றாமல் விற்பவர் பக்கம் வைப்பதுதான் இந்த ஏற்பாடு, என் கணக்கில் நம் உணவுச் சட்டத்தின் மிகப் புத்திசாலித்தனமான பகுதி.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு உரிமைகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று, பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை பற்றிய தகவலைப் பெறும் உரிமை. இந்த உரிமை யாருக்கு எப்படிக் கிடைக்கிறது என்று பார்க்க, நகைக்கடை வரை ஒரு நடை போய்வரலாம். 2023 ஏப்ரல் முதல், ஹால்மார்க் நகை என்றால் அதில் எழுத்தும் எண்ணுமாக ஆறு குறிகள் கொண்ட ஹெச்யுஐடி அடையாளம் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். மொபைல் செயலியில் அதை அடித்தால் எந்த மையத்தில் சோதித்த நகை, எத்தனை கேரட் என்று வந்துவிடும். தங்கத்தின் மாற்றும் கண்ணுக்குத் தெரியாத விஷயம்தான். கண்ணுக்குத் தெரியாததைத் தெரியும் எண்ணாக மாற்றி, வாங்குபவர் கையில் சட்டம் கொடுத்துவிட்டது. பத்து, இருபது ரூபாய்க் கவரில் என்ன எழுதியிருக்கிறது? ஒன்றுமில்லை. பெயரில்லை, செய்தவர் ஊரில்லை, தேதியில்லை, பதிவு எண் இல்லை. கடலோரக் காற்றின் ஈரத்தில் பஞ்சு படிந்துவிடாமலிருக்கக் காற்றோடு சேர்த்து இறுகக் கட்டிய வெறும் கவர். நாற்பதாயிரம் ரூபாய் கொடுப்பவருக்கு எண். பத்து ரூபாய் கொடுப்பவருக்கு ‘விழிப்போடு இரு’ என்ற அறிவுரை. வாயில் போடுவது இரண்டாவது பொருளை.

லாஸ்பேட்டைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சுவாரஸ்யம். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த ழான் லாவின் பெயரால்தான் ஊர் லாஸ்பேட்டை ஆனது என்பார்கள். அவருடைய பெரியப்பா ஜான் லா, மிசிசிப்பிக் கம்பெனியின் பங்குகளைப் பாரிஸ் நகரத்துக்கே விற்றவர். கடலுக்கு அப்பால் இருந்த, வாங்கியவர்களில் அநேகமாக யாரும் பார்த்திராத நிலத்தின் வளத்தை நம்பி வாங்கினார்கள். 1720-ல் எல்லாம் சரிந்தது. பார்க்க முடியாத ஒன்றை விற்பவரின் சொல்லை நம்பி வாங்குவது புதிய விஷயமில்லை. அதற்குப் பிறகு பங்குச் சந்தைக்கு நாடுகள் கணக்குத் தணிக்கையையும் வெளிப்படை விதிகளையும் கொண்டுவந்தன. பாரிஸ் மக்களை அடுத்த தடவை உற்றுப் பாருங்கள் என்று சொல்லி விட்டுவிடவில்லை.

சரி, ஏமாந்தவருக்கு வழி இருக்கிறதல்லவா, நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் தானே வாதாடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. சோதனை தேவைப்படும் பொருளை ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும், அதற்கான செலவைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டும். ஆனால் எந்தப் பொருளை அனுப்புவது? அது பிள்ளையின் வாயில் கரைந்து போயிற்று. விற்றவர் பெயர் தெரியாது, வாங்கியதற்குத் துண்டுச் சீட்டு கிடையாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு: அதிகாரி அல்லாத சாதாரண ஆளும், தான் வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம், விதிமீறல் என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அறிக்கையும் மேல் நடவடிக்கைக்காகத் துறை அதிகாரிக்குப் போகும். நல்ல வசதி. ஒரே ஒரு நிபந்தனை, சோதிக்கக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்ல வேண்டும். கழியைத் தோளில் வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால் அவர் சிரிப்பாரா, ஓடுவாரா என்பது அவரவர் கற்பனைக்கு. இந்தப் பிரிவை எழுதியவர்கள் மனதில் இருந்தது பலசரக்குக் கடையும் கல்லாப் பெட்டியும். நடந்துகொண்டே விற்கும் வியாபாரத்துக்கு அது அளவெடுத்துத் தைக்கப்படவில்லை.

வாங்குபவரின் கடமைகள் என்று பள்ளிப் பாடப் புத்தகங்கள் நீளமான பட்டியல் போடும். சட்டம் அப்படி ஒரு பட்டியலும் போடவில்லை என்பது கவனிக்க வேண்டியது. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியோ மாற்றியமைத்தோ வந்த தீங்குக்கு விற்றவர்மேல் பொறுப்பு சுமத்த முடியாது என்ற ஓரிரு இடங்களில் மட்டும் வாங்குபவரின் கவனத்தை அது எதிர்பார்க்கிறது. பொறுப்பு என்ற பேச்சைக் கௌரவமாகப் பேசியவர்கள் நுகர்வோர் இயக்கத்தார்தான். அவர்கள் சொன்ன ஐந்தில், எதையும் கேள்வி கேட்பது, கேட்டதோடு நில்லாமல் செயல்படுவது, மற்றவர்களோடு சேர்ந்து நிற்பது மூன்றும் அடக்கம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்த மூன்றையும் பல பத்தாண்டுகள் நடத்திக் காட்டியது. அதன் தலைவராக நெடுங்காலம் இருந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் தமிழ்நாட்டில் பிறந்தவர். மலேசியத் தமிழர் நுகர்வோரைப் ‘பயனீட்டாளர்’ என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்மேல் சிறு பொறாமை உண்டு. முகர்ந்து பார்த்து ஏமாறுகிறவரைவிட, தன் காசின் பயனைக் கேட்டு வாங்குகிறவரின் சாயல் அதில் தெரிகிறது.

அந்தச் சாயலில் யோசித்தால், வாங்குபவரின் பொறுப்பு நிறத்தைக் கண்டுபிடிப்பதில் இல்லை. வாங்கியதற்கு ஒரு தடம் இருக்கிறதா என்று கேட்பதில் இருக்கிறது. பஞ்சுமிட்டாய்க்கு பில்லா என்று சிரிக்கலாம். பில் கேட்டால் தராமலிருப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொள்வேன். பில் வேண்டாம், கவரில் ஓர் எண் போதும். சிறு உணவு வியாபாரி யாரும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எடுக்க வேண்டும் என்பது சட்டம். 2024-ல் அதற்கான கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். பதினான்கு இலக்கப் பதிவு எண்ணை ஒரு துண்டுத்தாளில் அச்சடித்துக் கவருக்குள் போட ஆகும் செலவு ஒரு கவருக்குச் சில பைசா. ‘எண் இருக்கிறதா அண்ணே?’ என்று கேட்க எந்த ஆய்வகமும் தேவையில்லை. இது வாங்குபவரால் அறிய முடிந்த விஷயம். ஆகவே இதற்கு அவரைப் பொறுப்பாக்கலாம்.

விற்பவர் பக்கமிருந்து வரும் மறுப்பு கனமானது. பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு, கழி தூக்கிப் பிழைக்கிறவனைப் பிடிக்கிறீர்களே என்பார்கள். அவர்களில் பலர் வெளிமாநிலத்திலிருந்து பிழைப்பு தேடி வந்தவர்கள். பதிவு, படிவம், எண் என்றால் மாமூலுக்கு இன்னொரு கதவு திறந்ததாகவும் ஆகலாம். இதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் கேள்வியை ஒரு படி மேலே தள்ள வேண்டும்: அந்தத் தூளை அவருக்கு விற்றது யார்? அவர் சாயப் பட்டறை நடத்தவில்லை. ஏதோ ஒரு கடையில், பெயரெழுதாத பொட்டலத்தில், ‘மிட்டாய்க்குப் போடும் கலர்தான்’ என்ற உறுதியோடு அவருக்கு அது கிடைத்திருக்கலாம். தன் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் தொழிலுக்கு வாங்கும் பொருளை ‘வணிக நோக்கம்’ என்று கருதக்கூடாது என்கிறது நுகர்வோர் சட்டம். சர்க்கரையைச் சுழற்றும் மிஷினை வாங்கியவர் என்ற முறையில் பஞ்சுமிட்டாய்க்காரரும் சட்டத்தின் முன் ஒரு நுகர்வோர். கலர் பவுடருக்கும் அந்த வாதத்தை நீட்டலாம். தகவல் பெறும் உரிமை அவருக்கும் மறுக்கப்பட்டிருக்கிறது. கவரில் எண் இருந்தால் அவரைக் கண்டுபிடிக்கலாம். பவுடர் பாக்கெட்டில் லேபிள் இருந்தால் அவரைத் தாண்டியும் போகலாம். 2024-ல் கழிகள் பறிமுதலான படங்கள் பத்திரிகைகளை நிறைத்தன. பவுடர் விற்ற கடைகள் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

தடையே போதாதா என்று கேட்டால், ஒரு வாரம் போதும். பொதுமக்கள் உடல்நலனை முன்னிட்டு ஓர் உணவுப் பொருளைத் தடை செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-வது பிரிவு அதிகாரம் தருகிறது, அதிகபட்சம் ஓராண்டுக்கு. தடை என்பது அவசரத்துக்கான கருவி என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. மேலும், ரோடமின்-பி சேர்த்த உணவு தடைக்கு முந்தின நாளும் சட்டவிரோதம்தான். அப்படியானால் புதிதாகத் தடுத்தது எதை? அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் மாதிரி எடுக்காமல் விட்டதை ஒரு வீடியோவால் ஈடுகட்டியதாகத்தான் எனக்குப் படுகிறது. அந்த வீடியோ பல பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும், அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மாதம் ஒரு முறை நாலு கவர் வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை வார்டு வாரியாக வெளியிடும் சலிப்பூட்டும் வேலைதான் வாங்குபவருக்குத் தகவல். அதை வெளியிடச் சொல்லிக் கேட்பதும் நம் பொறுப்புக் கணக்கில் வரும். நுகர்வோர் ஒருவராக அல்லாமல் ஒரு கூட்டமாகப் பாதிக்கப்படும்போது மாவட்ட ஆட்சியரிடமே புகார் தரலாம், அவர் விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம் என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. பத்து ரூபாய்க்காக ஒருவர் வழக்குப் போட மாட்டார். ஒரு குடியிருப்போர் சங்கம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம்.

வாங்குபவரிடம் இன்னொன்றும் பாக்கியிருக்கிறது, அது கொஞ்சம் சங்கடமானது. பஞ்சுமிட்டாய்க்கு நிறம் தேவையே இல்லை. அமெரிக்காவில் 1897-ல் வில்லியம் மோரிசனும் ஜான் வார்ட்டனும் இந்த மிஷினை உருவாக்கினார்கள். மோரிசன் பல் டாக்டர் என்பது தனி வேடிக்கை. சர்க்கரையை உருக்கிச் சுழற்றினால் வருவது பனிபோல வெள்ளை நூல்தான். தடை அறிவித்தபோது கர்நாடகம் வெள்ளைப் பஞ்சுமிட்டாயை விட்டுவைத்தது. ருசியில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. ஆனாலும் கழியில் வெள்ளையும் ரோஸும் தொங்கினால் எது முதலில் தீரும் என்று விற்பவருக்குத் தெரியும். கேசரி ஆரஞ்சாக இல்லாவிட்டால் சமையல்காரருக்குக் கைப்பதம் போதாது என்கிறோம், சிக்கன் 65 செக்கச் செவேலென்று இல்லாவிட்டால் தட்டைத் திருப்பி அனுப்புகிறோம். கர்நாடகத்தில் அதே நேரத்தில் சோதித்த 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளில் 107 பாதுகாப்பற்றவை என்று வந்தது. மாவும் காலிபிளவரும் எண்ணெயில் பொரிந்தால் பழுப்பாகும், அவ்வளவுதான். அந்தச் சிவப்பைக் கேட்டது தட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள். எந்தச் சாயம் போட்டார்கள் என்பது நமக்குத் தெரியாது என்றேன். சாயம் போட்டார்கள் என்பது தெரியும். வெள்ளையாக ஒன்று கொடுங்கள் என்று கேட்பதற்கு ஹெலிபேடு மைதானத்தில் இன்றைக்கும் எந்தத் தடையும் இல்லை.